இரண்டு மாடுகள்

முதல் தடவை பிளீச்.
கழிவறைக்கு வாங்கியதில் அரைப் போத்தல் மிச்சமிருந்தது,
வேறென்னத்துக்குச் செலவு என்று.
மூன்று வாரம் பொறுத்து
டெஸ்மனுக்கு ஒரு கிளாஸ் வார்த்தேன்.
ஒரு மிடறு. விழுங்காமல் என்னைப் பார்த்தான்.
"மச்சான், வாட்டில படுத்திருக்கிற மாதிரி இருக்கு.
பிளாஸ்டர் மணக்குது."

பத்தொன்பது லீட்டர்.
சிங்கில் ஊற்றினேன்.
கீழ்வீட்டு மிஸிஸ் பீரிஸின் குளியலறையில்
நுரை எட்டிப் பார்த்ததாம்.
சவர்க்காரம் என்றேன்.

நன்றாக அலசியிருக்க வேண்டும், தெரியும்.
எதால் அலச?
மொட்டைமாடித் தாங்கியில் போன மாசம்தான்
ஒரு காகத்தை எடுத்தார்கள்,
எப்போது விழுந்தது என்று ஒருவருக்கும் தெரியாது.
அந்தத் தண்ணீரில் பல் விளக்கலாம், விளக்கினோம்.
பியருக்கு அது ஆகாது.

கொதிதண்ணீர் ஊற்றிப் பார்த்தேன்.
வாளி ஒரு பக்கம் வாய் கோணிக்கொண்டது.
மூடி இனி எந்த நாளும் பொருந்தாது.
காஸ் சிலிண்டரும் அன்றைக்கே முடிந்தது.

மெல்பேர்னிலிருந்து புவனேந்திரன் சொன்னான்:
அமிலம் ஒன்று இருக்கு, அலசவே தேவையில்லை,
நுரை நிற்கும், நுரைக்குப் பயப்படாதே,
அப்படியே மேலே ஊற்று.
பார்சலில் போடட்டா?
என்னவென்று எழுதுவாய் என்று கேட்டேன்.
அமிலம் என்றுதான், வேறென்ன.
வேண்டாமடா.
இந்த ஊரில் என் பெயருக்கு வருகிற பெட்டியில்
அந்தச் சொல் வேண்டாம்.
கொஞ்சநேரம் இரண்டு பேரும் பேசவில்லை.
பிறகு கிரிக்கெட் கதைத்தோம்.

பழைய சோனகத் தெரு, சனிக்கிழமை, வெயில்.
நுஸ்கி நானாவின் கடையில்
நீலப் பீப்பாய்களுக்கு நடுவில் ஒரு மின்விசிறி
தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தது.
"அயடின் இருக்கு. என்னத்துக்கு?"
பால் பாத்திரம் கழுவ.
"மாடு வச்சிருக்கீங்களா? எங்க?"
வெள்ளவத்தை என்று வாயில் வந்துவிட்டது.
என் சப்பாத்தைப் பார்த்தார்.
"எத்தின?"
ரெண்டு.
"கடல்பக்கமா, மலைப்பக்கமா?"
கடல்பக்கம்.
மூன்றாம் மாடி என்று மட்டும் சொல்லவில்லை.

கான் ஒன்றைத் துடைத்து மேசையில் வைத்தார்.
"மடி கழுவுறது வேற, அத எடுத்திராதீங்க.
இது பாத்திரத்துக்கு.
முதல்ல தேய்ச்சுக் கழுவணும். ஊத்தைக்கு மேல
எத ஊத்தினாலும் ஊத்ததான்.
பொறகு வெளிறின தேத்தண்ணி நெறத்துல கலக்கி
ரெண்டு நிமிசம். கவுத்து வைங்க. காயட்டும்.
தெரும்பக் கழுவினா என் காசும் வீண், உங்க காசும் வீண்."
முழுக்க சாகுமா என்று கேட்டேன்.
"முழுக்க எங்க சாகும்? குறையும்.
மிச்சத்தப் பால் பார்த்துக்கொள்ளும்."

பஸ்ஸில் கானை மடியில் வைத்திருந்தேன்.
பம்பலப்பிட்டியில் ஒரு சுவரில் மூன்று மொழியிலும்
துப்புரவு என்று பெரிய எழுத்தில்.
நகரசபைக்காரர் எழுதியது, குப்பையைப் பற்றி.
எங்கள் ஒழுங்கையைத் துப்புரவாக்க ஒருமுறை
வேறு ஆட்கள் வந்தார்கள்,
கையில் வாக்காளர் பட்டியலோடு.
குறையும், என்றார் நானா.
முழுக்க எங்க.

இரவு, தேய்த்துக் கழுவினேன். கலக்கினேன். கவிழ்த்தேன்.
ரப்பர் குழாய் மஞ்சள் பிடித்தது,
பீடி குடிப்பவரின் விரல் போல.
அது இனிப் போகாது. போகட்டும்.
மதுவத்தைத் தூவி, மூடி,
ஈரச் சாரம் ஒன்றை வாளிக்குச் சுற்றிக்கட்டி
மின்விசிறிக்கு நேரே வைத்தேன்.
மண்டபத்தில் டெஸ்மன் வியர்த்துக்கொண்டு படுத்தான்.

விடியப்புறம் மாத்தறை ரயில் ஜன்னலை உலுப்பிப் போனபின்
குசினியில்
ப்ளக்.
கொஞ்சம் பொறுத்து
ப்ளக்.
"என்னடா அது?" என்றான் டெஸ்மன் இருட்டில்.
மாடு, என்றேன்.
படு.